கான்வென்ட் வயலினும் மண்டையோட்டுக் கேசட்டும்

என் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசித்தார்கள். திண்டிவனத்தில் எங்கள் பங்கிலும், விழுப்புரத்தில் அவர் பங்கிலும். இந்த இருவரும் மணம் செய்துகொள்ளத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் சபையைப் பார்த்துக் கேட்பார். ஒருத்தரும் வந்து சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, குடியில்லை, வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று அவரவர் பங்குக்குப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவர் அறையில் ஒரு அலமாரி நிறைய மண்டையோட்டுப் படம் போட்ட கேசட் இருப்பதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. இது தொண்ணூற்று மூன்றில் நடந்தது.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்த மறுநாள் காலையில்தான் அந்த அலமாரியைத் திறந்தேன். மண்டையோடு, எலும்புக்கூடு, எரிகிற கோயில், சங்கிலியில் கட்டிய பிசாசு. எங்கள் வீட்டில் பிசாசு படம் என்றால் அதன் தலைமேல் ஒரு சம்மனசு, தேவதூதர், ஈட்டியோடு நிற்கும். இங்கே சம்மனசைக் காணோம். கல்யாணச் சீரில் அம்மா கொடுத்தனுப்பிய தீர்த்தத்தை எடுத்து அலமாரியைச் சுற்றித் தெளித்தேன். அப்போது அவர் உள்ளே வந்தார். பார்த்தார். கேசட்டின் மேல் விழுந்த தண்ணீரைத் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் அப்படித்தான். இட்லி கல்லாக இருந்தாலும் சரி, பூவாக இருந்தாலும் சரி, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். நானோ வாயாடி. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். இவரிடம் நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு "ம்" வரும். அந்த "ம்"முக்குள் என்ன இருக்கிறது என்று தேடியே என் பாதி வயது போனது. வேறு எதற்கும் நான் ஏங்கியதாக ஞாபகமில்லை. நகைநட்டுக்கு ஏங்கவில்லை, புடவைக்கு ஏங்கவில்லை. என் வயலினைப் பற்றி அவர் வாயால் ஒரே ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஏங்கினேன்.

வயலின் எனக்குத் திண்டிவனத்துக் கான்வென்டில் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டபிறகு அங்கிருந்த ஒரு சிஸ்டரிடம் மேல்நாட்டு முறையில், கோடு போட்ட நொடேஷனைப் பார்த்து வாசிக்கக் கற்றேன். இசைக்கவையைத் தட்டிக் காதோரம் பிடித்து, அந்தச் சுருதிக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் சிஸ்டர் முகம் கோணிப் போகும். நான்கு தந்திகளும் அது அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கவேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான் என்பார். அதை நான் பத்துக் கட்டளையோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவருக்கு அந்தக் கேசட்டுகள் கிடைத்த வழி வேறு. அவருடைய சித்தப்பா மகன் குயிலாப்பாளையத்தில் இருந்துகொண்டு ஆரோவில்லில் தச்சு வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் சட்டி பானை, சைக்கிள், பாட்டு என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். சட்டி பானை சித்தப்பா மகனுக்கு, பாட்டு இவருக்கு. அப்படி வந்ததுதான் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும், அதற்கான ஸ்பீக்கர் பெட்டியும். யாரிடமும் கற்காமல், கேசட்டைச் சுற்றிச் சுற்றி அவரே வாசித்துப் பழகியிருந்தார்.

ஹெவி மெட்டல் என்று அதற்குப் பெயராம். முதல் சில வாரம் அந்தச் சத்தம் எனக்குத் தலைவலியாக இருந்தது. அரவை மில்லுக்குள் யாரையோ போட்டு அடிப்பது போல இருக்கும். இப்படி வாயே திறக்காத மனுசனுக்கு இப்படி ஒரு கத்தலா என்று யோசிப்பேன். ஒருநாள் சாயங்காலம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். கேசட்டில் கத்தல் நின்று கிட்டார் மட்டும் தனியாக ஓடியது. மேலே ஏறி, கீழே இறங்கி, படி படியாக, மூச்சு விடாமல். என் இடது கை விரல்கள் மல்லாட்டையை விட்டுவிட்டுத் தானாகவே அசைந்தன. அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். சிஸ்டர் என்னை விரல் கன்றிப்போகும்வரை வாசிக்கவைத்த பயிற்சிப் பாடம் அது. சுரங்களை ஒன்றாக ஒலிக்காமல் உடைத்து உடைத்துப் போடுவது. அதில் சுண்டுவிரல் எங்கே வழுக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். அந்தக் கிட்டார்க்காரன் அதே இடத்தில்தான் கொஞ்சம் திணறினான்.

எனக்கு வந்தது ஆத்திரம். எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அடுத்த வீட்டுப் பரணில் பார்த்த மாதிரி ஒரு ஆத்திரம். வயலினை எடுத்து, அதே ஓட்டத்தை அவனைவிட வேகமாக, சுத்தமாக வாசித்துக் காட்டினேன். அறையில் கேசட் நின்றது. அவர் வாசற்படியில் வந்து நின்றார். அப்படி அவர் கண் விரிந்து நான் பார்த்ததில்லை.

"இன்னொருவாட்டி" என்றார்.

வாசித்தேன். போய்க் கிட்டாரை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அவருக்கு நொடேஷன் தெரியாது, எனக்குக் கேட்டதும் எழுதவரும். கேசட்டில் வருகிற கிட்டார் ஓட்டங்களை நான் எழுதி வாசிக்க, என் கையைப் பார்த்து அவர் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பழைய காலத்து ஜெர்மன்காரர்கள் கோயில் ஆர்கனுக்கு எழுதியதெல்லாம் கேட்பவனின் நெஞ்சுக்கூடு அதிரவேண்டும் என்றுதான். அன்றைக்குக் கரண்ட் இல்லை, அதனால் குழாயில் காற்றை ஊதினார்கள். இருந்திருந்தால் அவர்களும் ஸ்பீக்கர் பெட்டியைத்தான் அடுக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தாளத்திலும் இந்தக் கேசட்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. திடீரென்று ஐந்தாக எண்ணுவார்கள், ஏழாக எண்ணுவார்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல. கோயில் பாட்டில் மூன்றையும் நான்கையும் தாண்டாத எனக்குப் புதிது. மாவு பிசையும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தோற்றுப்போவேன்.

இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும், டீக்கடையிலும், பஸ்சிலும் சினிமாப் பாட்டுத்தான். என் பாட்டையும் அவர் பாட்டையும் கேட்க விழுப்புரத்தில் மூன்றாவது ஆள் கிடையாது. எதிர் வீட்டு அக்கா என் வயலினைக் கேட்டு, "இன்னாத்துக்கு இப்படி அழுவுது?" என்பார். அவர் கேசட்டைக் கேட்டு, "இன்னாத்துக்கு இப்படி கத்துது?" என்பார். இந்த அனாதைத்தனத்தில் நாங்கள் இருவரும் சொந்தக்காரர்கள் ஆனோம்.

ஆனாலும் பேச்சு மட்டும் வரவில்லை. நான் வாசித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்ப்பேன். "ம், அடுத்தது" என்பார்.

எங்களோடு மாமனார் இருந்தார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். கோயில் காரியத்தில் கறார். சாம்பல் புதன் வந்தால் ரேடியோவுக்குத் துணி போட்டு மூடுவார், டேப்ரிக்கார்டரை பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஈஸ்டர்வரை அந்த வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது, கறி கிடையாது. நான் வந்த பிறகு வந்த முதல் தவக்காலத்தில் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது, மகன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, அது சினிமாப் பாட்டு இல்ல" என்றேன்.

"பின்ன இன்னா பாட்டு?"

"சாவு, கடைசித் தீர்வை, நரகம், இதப்பத்தித்தான் மாமா பாடுறாங்க."

மாமனார் டேப்ரிக்கார்டரை இடுப்பில் வைத்தபடியே யோசித்தார். "அதத்தான சாமியாரும் தியானத்துல சொல்லிக்கினு இருக்காரு. அப்ப சரி, வெச்சிக்கட்டும். சத்தத்த மட்டும் கொறச்சி வெக்கச் சொல்லு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ வயலின மூடி வெச்சிடும்மா. அது கல்யாணத்துல வாசிக்கிற வாத்தியம். தவசு காலத்துல சந்தோசம் ஆவாது."

ஆண்டவரே! கோயில் இசை கற்றவள் பெட்டியை மூடினேன், பிசாசுப் படக் கேசட் தவக்காலம் முழுக்கச் சன்னமாக ஓடியது. சாதம் வடித்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். ஆனால் இப்போது நினைத்தால், மாமனார் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததாகத்தான் படுகிறது. அந்தப் பாட்டுகளில் சந்தோசம் கிடையாது. சாவைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாத ஒரு பிடிவாதம் இருக்கிறது. இறந்தவர்களுக்காக லத்தீனில் எழுதப்பட்ட பழைய பூசை இசைகளிலும் அதே பிடிவாதம்தான்.

அடுத்த வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். கோயில் பாடகர் குழுவில் நான் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது இவரும் கிட்டார் வாசிக்கட்டும் என்று குழுவில் கெஞ்சி, சாமியாரிடம் பேசி, சம்மதம் வாங்கினேன். தவக்காலம் முழுக்கப் பாடாத கீதம் அது. அன்றைக்கு அதைப் பாடும்போது கோயில் மணி, பீடத்து மணி எல்லாம் சேர்ந்து அடிக்கும், எல்லா வாத்தியமும் முழங்கும். பாட்டு முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்கா பூசைவரை மணி கிடையாது, வாத்தியம் கிடையாது. சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்துக்குக்கூட மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த அமைதி எங்களுக்கு அவ்வளவு பெரியது.

அவர் அருமையாக வாசித்தார். என் வயலினுக்குக் கீழே அவர் கிட்டார் கனமாக நடந்து வந்தது. எனக்குக் கண் கலங்கியது. கீதம் முடிந்தது, மணிகள் நின்றன. ஜெபத்துக்காக எல்லோரும் தலை குனிந்தோம். இவர் கிட்டாரைக் கழற்றி அந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்த்துவைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டார். தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கிட்டார் மெல்ல முனக ஆரம்பித்தது. முனகல் ஊளையானது. இயேசு பாடுபடப் போகிறார் என்று கோயிலே மூச்சை அடக்கி நிற்கிற நேரத்தில் அந்த ஊளை ஏறிக்கொண்டே போனது. இவர் சிலையாக நின்றார். கோயில்பிள்ளை ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. முதல் பெஞ்சில் இருந்த மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் பேசாத பேச்சில்லை. நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த இடம், என் மானம் போச்சு, இனி எந்த முகத்தோடு குழுவுக்குப் போவேன் என்றெல்லாம் கத்தினேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் முடிந்ததும் பெட்டியைக் கட்டி, வயலினையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் போய்விட்டேன். ஊமையோடு குடும்பம் நடத்த முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். "குடிச்சிட்டு வந்து ஒதைக்கிறவன் கெடச்சிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. எனக்கு அது பதிலாகப் படவில்லை. திரும்பிப் போகக்கூடாது என்றே நினைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் பாசஞ்சரில் வந்தார். சாப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். வில்லுக்குத் தடவுகிற ரோசின் கட்டி. கோபத்தில் அதை விட்டுவிட்டு வந்திருந்தேன். அது இல்லாமல் வில் தந்தியில் வழுக்கும், சத்தமே வராது.

"இத வுட்டுட்டு வந்துட்ட" என்றார்.

அவ்வளவுதான். நான் அவரோடு கிளம்பிவிட்டேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன், "நான் வாசிக்கிறது எப்படி இருக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" மயிலம் போனது, பேரணி போனது, விக்கிரவாண்டி போனது. "ம்" என்றார். சரி, இந்தப் பிறவிக்கு இதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வருஷங்கள் ஓடின. மகள் பிறந்தாள், வளர்ந்தாள். அவளுக்கு என் பாட்டும் வேண்டாம், அவர் பாட்டும் வேண்டாம். எங்கள் வீட்டிலேயே சினிமாப் பாட்டு பாடும் ஒருத்தி உருவானாள். மாமனார் போய்ச் சேர்ந்தார். கேசட் போய் சிடி வந்தது. குழுவில் கீபோர்டு வந்தது. கோயிலில் இவர் கிட்டாரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. நான் மட்டும் தொடர்ந்து வாசித்தேன். காலையில் கோயிலுக்கான பாட்டு, சாயங்காலம் என் சிஸ்டரின் பாடங்கள். அவர் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்தது. தெருவே குனிந்து நடந்தது. வீட்டுக்கு வீடு நிலவேம்புக் கஷாயம். காய்ச்சல் சீக்கிரம் போனது, மூட்டு வலி போகவில்லை. மற்றவர்களுக்கு மெல்ல மெல்லச் சரியானது. எனக்கு இடது கை விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. காலையில் தேங்காய் பத்தையைக்கூடப் பிடிக்க முடியாது. வயலினை எடுத்து ஒரு தந்தியை அழுத்தினால் வலி தோள்பட்டைவரை ஏறும். கொஞ்ச நாள் முயற்சி செய்தேன். தப்புத் தப்பாகச் சுரம் விழுந்தது. பெட்டியை மூடிப் பரணில் ஏற்றச் சொன்னேன். கோயிலில் என் இடத்துக்கு கீபோர்டுக்காரப் பெண் போதும் என்றாகிவிட்டது. அந்த மாதங்களில் எனக்கு எதைத் தொட்டாலும் எரிச்சல். காலையிலிருந்து அவரைத் திட்டுவேன். குடையை எங்கே வைத்தீர்கள், ஏன் இவ்வளவு நேரம், ஏன் இந்தச் சட்டை. அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சமையல்கட்டிலிருந்து வந்தபோது அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்திருந்தார். வயலினின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க? அதோட சுருதி போயிடும்!"

"எறக்குறேன்" என்றார் நிமிராமலே. "எங்காளுங்க கிட்டார்ல இப்படித்தான் எறக்கி வெச்சிக்குவாங்க. தந்தி தளந்தா விரலுக்கு வலிக்காது. சத்தமும் கனமா வரும்."

"அது கிட்டாரு! இது வயலின். இதுக்குன்னு ஒரு முறை இருக்குது. உங்க பேய்ப் பாட்டுக்குச் செய்யிறத எல்லாம் இதுல செய்யாதீங்க" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு உறைத்தது. நம் ஊர்க் கச்சேரிகளில் பாடுகிறவர் சுருதி எங்கே இருக்கிறதோ அங்கே வயலினை இறக்கிக் கட்டிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது அவர்கள் முறை, நம் முறை வேறு என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு ஹெவி மெட்டல்காரர் வேண்டியிருந்தது.

நீட்டினார். வாங்கி ஒரு தந்தியை அழுத்தினேன். வலித்தது, ஆனால் விரல் பலகையைத் தொட்டது. வில்லை இழுத்தேன். ஜலதோஷம் பிடித்தவள் குரல் மாதிரி ஒரு சத்தம். அவர் கைநீட்டி வாங்கி, இன்னும் கொஞ்சம் இறக்கினார். மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை கரகரப்பு அடங்கி, அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு கனம் இருந்தது. என் வயலின்தான், ஆனால் என்னைப் போலவே வயசாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கோயில்ல ஒருத்தரும் இந்தச் சுருதியில பாடமாட்டாங்க. யாருக்கு வாசிக்கிறது?"

"கோயிலு கெடக்குது. வூட்ல வாசி."

"வூட்ல எதுக்கு? உங்களுக்கா? இத்தினி வருசத்துல நல்லா இருக்குது நல்லா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்களா?"

அவர் வயலினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். துணியால் முறுக்காணியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு, எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"எனக்குப் பேச வராது. நீ பேசறதும் பாதி காதுல நிக்காது, ஜல்தி ஜல்தியா பேசுற. டூட்டி முடிஞ்சி வந்து உக்காந்தா நீ வாசிக்கிறதக் கேப்பேன். இன்னிக்கு உனுக்குக் கோவமா, சந்தோசமா, உங்கம்மா நெனப்பு வந்துச்சா, எல்லாம் அதுல தெரிஞ்சிடும். இப்ப எவ்ளோ மாசமா நீ எங்கிட்ட ஒண்ணுமே பேசல."

காலையிலிருந்து ராத்திரிவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். கை நீட்டி வயலினை வாங்கிக்கொண்டேன்.

வாசித்தேன். விரல் பல இடங்களில் தவறியது, சில சுரங்களைத் தாண்டிப் போனேன். வலி அதிகமானதும் பாதியில் வில்லை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.